கீழ்வீட்டுக்குக் கேட்பது

ஐந்து சதுரத் துண்டுகள் ஒன்றரை வாரம்
சமையல் மேடையில் கிடந்தன.
காலையில் பார்த்தால் தேன் நிறம்,
ஃபிரேசர் ஆற்றுப் பக்கமிருந்து மழை ஏறி வந்துவிட்டால்
அதுவே ஆறிப்போன டீ.
சேந்தன் ஒவ்வொன்றின் மேலும் ஒரு சொட்டு சாம்பார் விட்டு
துடைத்துப் பார்த்தான்.
நான் சாவியால் கீறினேன்.
கீறல் விழாதது எதுவுமில்லை,
கீறல் தெரியாத ஒன்று இருந்தது. அதையே எடுத்தோம்.

முழுசும் ஓக்கா என்று கேட்டதற்குக்
கடைக்காரர் துண்டைப் பக்கவாட்டில் திருப்பினார்.
மேலே மூன்று மில்லிமீட்டர்தான் ஓக்.
அடியில் ஒட்டுப்பலகை, ஏழு அடுக்கு,
ஒன்று கிழக்கே பார்த்தால் அடுத்தது வடக்கே.
அப்படிப் பிணங்கிக் கிடப்பதால்தான் வளையாது என்றார்.
நான் சேந்தனைப் பார்த்தேன்.
அவன் விலைச்சீட்டைப் பார்த்தான்.

பதினெட்டுப் பெட்டி. லிஃப்டில் ஆறு நடை.
மூன்று நாள் பிரிக்காதே,
வீட்டுக் காற்றுக்குப் பழகட்டும் என்று போட்டிருந்தது.
அவற்றின் மேல் தட்டு வைத்துச் சாப்பிட்டோம்.
ஆள் வேண்டாம், நானே போடுகிறேன் என்றான்.
வேலை போய் நாலு மாதம்.
சரி என்றேன்.

கம்பளத்தை உரித்த அன்று
வீடு திடீரென்று உரத்துப் பேசியது.
ஸ்பூன் விழுந்தால் அண்டா விழுந்த சத்தம்.
வெறும் கான்கிரீட், திட்டுத்திட்டாய்ப் பழைய பசை,
யாரோ பென்சிலில் போட்ட கூட்டல் கணக்கு,
தப்பான விடையோடு.

மறுநாள் கீழ்வீட்டு வெர்னா ஹால்வர்சன் கதவைத் தட்டினார்.
கையில் கட்டடக் கமிட்டியின் கடிதம்:
பலகைக்கு அடியில் போடும் ரப்பர் விரிப்பு
இத்தனை தடிமனுக்குக் குறையக் கூடாது.
அதுவேதான் வாங்கியிருக்கிறோம் என்றேன்.
போகத் திரும்பியவர் நின்றார்.
"தப்பாக நினைக்காதே.
ராத்திரி மூன்று மணிக்கு நடப்பது யார்?
ஜன்னலில் இருந்து கதவு வரை பதினோரு எட்டு.
கொஞ்சம் நிற்கும். திரும்பப் பதினோரு எட்டு.
கம்பளம் இருந்தபோதும் கேட்கும், மெல்ல.
கிறிஸ்துமஸ் முடிந்ததிலிருந்து."

எனக்குத் தலையணையில் தலை பட்டால் போதும், கல்.
என் புருஷன் தூங்குவதில்லை என்பதை
அவன் காலுக்கு அடியில் படுத்திருந்தவர் வந்து
சொல்ல வேண்டியிருந்தது.
"நான்தான்," என்றேன். "முதுகு வலி."
"பாவம். நானும் விழித்துத்தான் இருப்பேன்," என்றார்.
"எண்ணிக்கொண்டு."

சனிக்கிழமை விரிப்பை உருட்டினோம்.
சுவரோரம் பத்து மில்லிமீட்டர் விட்டு ஆப்பு வைத்தான்,
ஈரத்தில் மரம் பருக்குமாம்.
முதல் வரிசையை இரண்டு தடவை பிரித்தோம்.
நாலாவதில் கை பிடிபட்டுவிட்டது:
நாக்கைக் காடியில் சாய்த்து வைத்து
கட்டை கொடுத்து இரண்டு தட்டு.
டொக் என்றால் இன்னும் இடைவெளி.
டப் என்றால் சேர்ந்துவிட்டது.
நான் முட்டிபோட்டுப் பலகை எடுத்துக் கொடுத்தேன்.
கேட்க வாயெடுக்கும்போதெல்லாம்
அவன் வாயில் பென்சில்.

கடைசி வரிசைக்கு நாலு விரற்கடைதான் மிச்சம்.
பால்கனியில் பேட்டரி ரம்பத்தால் நீளவாக்கில் அறுத்தான்,
மேலே குடை பிடித்தபடி நான்.
ஈரத்தூள் எங்கள் இரண்டு பேர் புருவத்திலும்.
"ராத்திரி நடக்கிறாயா?"
பலகை இரண்டாகும் வரை ரம்பம் நிற்கவில்லை.
"யார் சொன்னது?"
"தரை."
சிரித்தான். அறுத்த விளிம்பை விரலால் தடவி
சிலாம்பு இருக்கிறதா என்று பார்த்தான்.
வேறொன்றும் சொல்லவில்லை.

தபால் பெட்டி அருகே வெர்னா:
"நல்ல விரிப்பு. இப்போது ஒன்றுமே கேட்பதில்லை."
பாராட்டத்தான் சொன்னார்,
குரல் மட்டும் எதையோ தொலைத்தவர் குரல்.
"முதுகு எப்படி?"
"தேவலை," என்றேன்.

நேற்று மூன்று மணிக்கு அலாரம் வைத்தேன்,
அதிர மட்டும், தலையணைக்கு அடியில்.
பக்கத்தில் போர்வை தட்டையாய்க் கிடந்தது.
ஹாலில் அவன் ஜன்னலருகே.
தரை ஜில்லென்று இருந்தது, எங்கும் கிறீச்சிடவில்லை,
நன்றாகத்தான் போட்டிருக்கிறான்.
அவன் நடந்தான். பின்னாலேயே நானும்.
கதவுக்கு எனக்குப்
பதின்மூன்று எட்டு.